யானைக்கால் மாத்திரைக்குப் பின்னால் ஒரு சென்னை மருத்துவ மாணவர்: யார் இந்த சுப்பாராவ்?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி கிழக்கு கடற்கரைச் சாலையில் போனால், சுமார் 35 கிலோமீட்டரில் புதுச்சேரி வந்துவிடும். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் இந்தக் கரையோரம் ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பெயர் போனது. இங்கே 2000-களில் வளர்ந்த பலருக்கும் ஒரு காட்சி ஞாபகம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் சுகாதாரப் பணியாளர் வீட்டு வாசலுக்கே வருவார். வயசைக் கேட்டு மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்து, இங்கேயே முழுங்கிடுங்க என்பார்.

அந்த மாத்திரையின் பெயர் டைஎத்தில்கார்பமசின். சுருக்கமாக டிஇசி. அதை உருவாக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர் நம்ம சென்னையில் படித்தவர். இங்கே வேலை கிடைக்காமல் கப்பல் ஏறியவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் உருவாக்கிய மருந்து அமெரிக்க கம்பெனி ஒன்றின் சரக்காக இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. ஆனால் தேவைப்பட்ட எல்லா வீட்டு வாசலுக்கும் அது போய்ச் சேர சுமார் 50 வருஷம் ஆனது. ஏன் இவ்வளவு தாமதம்? வெளிநாட்டு மருந்து கம்பெனிகள் இந்தியா மாதிரி பெரிய சந்தைக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, சுப்பாராவின் வாழ்க்கை ஒரு நல்ல வழி.

மூன்றாவது முறை பாஸ்

1895 ஜனவரி 12-ம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர் சுப்பாராவ். இன்று அது ஆந்திராவில் உள்ளது. வசதியில்லாத குடும்பம். சின்ன வயதில் காசிக்கு ஓடிப்போய், யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்று சம்பாதிக்கலாம் என்று கிளம்பியவர் என அவரைப் பற்றிச் சொல்லப்படுவது உண்டு.

பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டார். மூன்றாவது முறைதான் பாஸ். அதுவும் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து. பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. படிப்புச் செலவுக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் கை கொடுத்தார்கள்.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம் அது. சுப்பாராவ் கதர்த் துணியில் தைத்த அறுவை சிகிச்சை அங்கியோடு வகுப்புக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழே இருந்த எல்எம்எஸ் பட்டம்தான் கொடுத்தார்கள்.

அரசு மருத்துவப் பணிக்கு முயற்சி செய்தார், கிடைக்கவில்லை. கடைசியில் சென்னையில் டாக்டர் லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் ஆசிரியர் ஆனார்.

இதற்கிடையே வீட்டில் பெரிய இடி. ஸ்புரூ எனப்படும் குடல் நோய்க்கு அண்ணன், தம்பி என இரண்டு பேரைச் சில நாட்கள் இடைவெளியில் பறிகொடுத்தார். சாப்பாட்டுச் சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தம் குறைந்து ஆளையே உருக்கிவிடும் நோய் அது. அப்போது அதற்கு மருந்து இல்லை.

ஹார்வர்டில் படிப்பு, ராத்திரியில் ஆஸ்பத்திரி வேலை

1922 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். காக்கிநாடா அறக்கட்டளை ஒன்றும் மாமனாரும் கொடுத்த பணம்தான் பயணத்துக்கு உதவியது. மனைவி சேஷகிரி ஊரிலேயே இருந்தார். சீக்கிரம் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் சுப்பாராவ் கடைசிவரை இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

பகலில் ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவப் படிப்பு. ராத்திரியில் ஆஸ்பத்திரியில் கடைநிலை ஊழியர் வேலை. இப்படித்தான் ஆரம்ப நாட்கள் ஓடின. பிறகு சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். இரண்டு பேர் பெயரையும் தாங்கிய அந்த முறையை உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். தசைகள் வேலை செய்யத் தேவையான சக்தியைத் தரும் பாஸ்போகிரியேட்டின், ஏடிபி என்ற இரண்டு பொருட்களையும் இந்தக் கூட்டணி அடையாளம் கண்டது.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் நிரந்தரப் பணி கிடைக்கவில்லை. 1940-ல் மருந்து கம்பெனி பக்கம் போனார். நியூயார்க் மாநிலம் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகம் அது. அமெரிக்கன் சயனமிட் என்ற பெரிய ரசாயன கம்பெனியின் மருந்துப் பிரிவு. சீக்கிரமே அங்கே ஆராய்ச்சி இயக்குநர் ஆனார்.

அடுத்த எட்டே வருஷத்தில் அவர் தலைமையில் வந்தவற்றைப் பாருங்கள்.

• ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழி 1945-ல் வெளியானது. ஸ்புரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது பலன் தந்தது. அண்ணன், தம்பியைக் காப்பாற்ற இல்லாமல் போன மருந்து இதுதான். இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது.

• குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1948-ல் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின். அதே குடும்பத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் பயன்படுகிறது.

• டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின். பெஞ்சமின் டக்கர் கண்டுபிடித்த இது 1948-ல் அறிவிக்கப்பட்டது.

• கூடவே, யானைக்கால் நோய்க்கான டிஇசி.

போர் வந்ததால் வந்த மருந்து

யானைக்கால் நோய்க்குக் காரணம் நூல் போன்ற ஒரு புழு. சாக்கடைத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது இது ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குப் பரவும். பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கிவிடும். அவை போடும் குட்டிப் புழுக்கள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் சுற்றும். அதனால்தான் இதற்கான ரத்தப் பரிசோதனையை ராத்திரியில் வந்து எடுப்பார்கள்.

இந்தியாவில் பல தலைமுறைகளாக மக்கள் வீங்கிய காலோடு வாழ்ந்து வந்தார்கள். ஆனால் அமெரிக்க ஆய்வகங்கள் இதன் பக்கம் மும்முரமாகத் திரும்பியது இரண்டாம் உலகப் போரில். பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் ஆயிரக்கணக்கில் இந்தப் புழுவுக்கு ஆளானார்கள். மருந்து தேடும் வேலை வேகமெடுத்தது.

லெடர்லி குழு எலிகளில் ஏராளமான ரசாயனங்களைச் சோதித்து டிஇசி-யைக் கண்டெடுத்தது. போர்ட்டோ ரிக்கோவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 1947-ல் வெளியாயின. ஹெட்ரசான் என்ற பெயரில் மருந்து விற்பனைக்கு வந்தது. ரத்தத்தில் உள்ள குட்டிப் புழுக்களை இது வேகமாகக் குறைத்துவிடும். ஆனால் ஏற்கெனவே வீங்கிப்போன காலைப் பழைய நிலைக்குக் கொண்டு வராது.

1948 ஆகஸ்டில், 53 வயதில், மாரடைப்பால் தூக்கத்திலேயே சுப்பாராவ் இறந்தார். தன்னுடைய மருந்து சொந்த நாட்டில் பயன்படுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கம்பெனி வந்தது, விலையும் வந்தது

சுதந்திர இந்தியாவை வெளிநாட்டு கம்பெனிகள் பெரிய சந்தையாகப் பார்த்தன. அமெரிக்கன் சயனமிட், தொழிலதிபர் கஸ்தூர்பாய் லால்பாயுடன் கைகோத்தது. குஜராத்தில் அமைந்த அதுல் தொழிற்சாலையை 1952-ல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். லெடர்லியும் பம்பாயில் இந்திய நிறுவனமாகக் கடை விரித்தது.

மருந்து கிடைத்தது, சரி. விலை? 1961-ல் அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு மருந்து விலைகள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தது. மருந்து விலை உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று அது சுட்டிக்காட்டியது. உதாரணமாகச் சொன்ன மருந்துகளில் சுப்பாராவ் காலத்தில் வந்த அதே ஆரியோமைசினும் இருந்தது.

காரணம் காப்புரிமை. ஆங்கிலேயர் காலத்துச் சட்டப்படி மருந்துக்குக் காப்புரிமை வாங்கிய கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதைத் தயாரிக்க முடியாது. இதை ஆராய்ந்த நீதிபதி என்.ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கைதான் 1970 காப்புரிமைச் சட்டத்துக்கு அடித்தளம். மருந்துப் பொருளுக்கே காப்புரிமை என்பது போய், தயாரிக்கும் முறைக்கு மட்டும் காப்புரிமை என்று ஆனது. வேறு வழியில் அதே மருந்தைத் தயாரிக்க இந்திய கம்பெனிகளுக்குக் கதவு திறந்தது. அப்படி வளர்ந்த கம்பெனிகளில் ஒன்றான சிப்லாதான் 2001-ல் எய்ட்ஸ் மருந்தை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. உலக வர்த்தக ஒப்பந்தத்தால் 2005-ல் மருந்துப் பொருளுக்கான காப்புரிமை மீண்டும் வந்தது தனிக்கதை.

மாத்திரை வேண்டாம், உப்பில் கலக்கலாமா?

விலை மட்டும்தான் பிரச்சனையா என்றால், இல்லை. 1955-ல் மத்திய அரசு தேசிய யானைக்கால் நோய் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி டிஇசி மாத்திரையைக் கொடுத்தது. மக்கள் சாப்பிட மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்லா இருக்கிற ஆள் மாத்திரை போட்டதும் காய்ச்சல், தலைசுற்றல், வாந்தி வந்தால் அடுத்த முறை யார் கை நீட்டுவார்கள்? புழுக்கள் சாவதால் வரும் விளைவு அது என்று எடுத்துச் சொல்லப் போதுமான ஆள் இல்லை. எல்லாருக்கும் மாத்திரை என்ற வழி அப்போது கைவிடப்பட்டது.

இங்கேதான் உப்பு வருகிறது. ஏழையோ பணக்காரரோ, உப்பு இல்லாமல் யார் வீட்டிலும் உலை கொதிக்காது. கொஞ்சமே கொஞ்சம் டிஇசி-யைச் சமையல் உப்பில் கலந்தால் என்ன? 1967-ல் பிரேசிலில் இதைச் சோதித்துக் காட்டியவர் ஃபிராங்க் ஹாக்கிங். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் அப்பா. தினமும் துளித்துளியாக உள்ளே போவதால் பக்கவிளைவும் குறைவு. இந்தியாவில் லட்சத்தீவிலும், நம்ம காரைக்காலிலும் டிஇசி உப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சீனா பெரிய அளவில் இதைப் பயன்படுத்தியது. யானைக்கால் நோயை ஒழித்த முதல் நாடாக 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரமும் பெற்றது.

இந்தியா கடைசியில் தேர்ந்தெடுத்தது வேறு பாதை. வருஷத்துக்கு ஒரே ஒரு வேளை மருந்து போதும் என்று ஆய்வுகள் காட்டின. புதுச்சேரியில் 1975-ல் தொடங்கிய நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் செய்த வேலைக்கும் இதில் பங்கு உண்டு. 1996-ல் கடலூர் மாவட்டத்தில் முன்னோட்டம், 2004-ல் நாடு தழுவிய திட்டம். நாம் தொடக்கத்தில் பார்த்த வீட்டு வாசல் காட்சி வந்தது இப்படித்தான்.

திரும்பவும் ஆந்திராவுக்கே

லெடர்லி என்ற பெயர் இன்று கம்பெனியாக இல்லை. அமெரிக்கன் சயனமிட் 1994-ல் கைமாறி, பிறகு வையத் ஆகி, 2009-ல் ஃபைசருக்குள் போய்விட்டது. ஆனால் டிஇசி-யின் கதை அதோடு முடியவில்லை.

ஜப்பானின் எய்சாய் கம்பெனி இந்தியாவுக்கு வந்து விசாகப்பட்டினத்தில் தொழிற்சாலை அமைத்தது. 2012-ல் அந்த கம்பெனி 220 கோடி டிஇசி மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அவை தயாரானது அந்த விசாகப்பட்டினம் ஆலையில். சுப்பாராவ் பிறந்த அதே ஆந்திர மண்ணில். தர்மம் என்று மட்டும் எய்சாய் இதைச் சொல்லவில்லை. வளரும் நாடுகளில் நோய் குறைந்தால் நாளைக்கு அங்கே சந்தை வளரும், இது நீண்டகால முதலீடு என்று வெளிப்படையாகவே கணக்குச் சொன்னது.

சரி, இதில் நமக்கு என்ன?

கம்பெனியின் பணமும் ஆய்வகமும் இல்லாமல் சுப்பாராவால் இந்த மருந்துகளைக் கொண்டு வந்திருக்க முடியாது. சென்னையும் ஹார்வர்டும் கொடுக்காத இடத்தை லெடர்லி கொடுத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் ஒரு மருந்து சந்தைக்கு வருவதும், அது தேவைப்படுபவர் கைக்குப் போவதும் வேறு வேறு. 1947-ல் வந்த மருந்து ஊர் ஊராக எல்லோருக்கும் போய்ச் சேர ஒரு சட்டத் திருத்தம், அரசுத் திட்டம், ஆராய்ச்சி, வாசல்படி ஏறிய சுகாதாரப் பணியாளர்கள் என எல்லாமே தேவைப்பட்டன.

அந்த 50 வருஷத்தில் வீங்கிய கால்கள் திரும்ப மெலியவில்லை. தமிழ்நாட்டில் யானைக்கால் நோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. தாமதத்தின் விலையை இன்றும் சுமப்பவர்கள் அவர்கள்தான்.

1995-ல் சுப்பாராவின் நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் தந்த மருந்தை ஏதோ ஒரு நாள் விழுங்கியிருக்கலாம். அடுத்த முறை ஒரு வெளிநாட்டு மருந்து கம்பெனி இந்தியாவில் கால் பதிக்கிறது என்ற செய்தியைப் பார்த்தால், கூடவே ஒரு கேள்வியும் கேட்டுப் பாருங்கள். அந்த மருந்து மரக்காணம் உப்பளத் தொழிலாளி வீட்டுக்கு எப்போது வரும்?