அம்மோனியாவை வேலை வாங்கிய லிண்டே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஆய்வகத்தில் அம்மோனியாக் குப்பியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாத மாணவர் நம்மில் யார்? கண்ணைக் கலங்க வைக்கும் அந்த வாயுவை இரும்புக் குழாய்க்குள் அடைத்து, குளிர் உண்டாக்கப் பழக்கியவர் கார்ல் வான் லிண்டே என்னும் ஜெர்மானியர்.

இவர் 1842 ஜூன் 11 இல் பவேரியாவின் பெர்ண்டோர்ப் என்னும் சிற்றூரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். மகனும் சமயப் பணிக்கே செல்வான் என எண்ணினர். அவரோ ஜூரிச் பாலிடெக்னிக்கில் பொறியியல் பயிலச் சென்றார். வெப்ப இயக்கவியல் மேதை கிளாசியஸ் அங்கே அவருடைய ஆசிரியர். ஆனால் 1864 இல் மாணவர் கிளர்ச்சியில் கலந்துகொண்டதற்காக, பட்டம் பெறுமுன்பே வெளியேற்றப்பட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இவ்விடத்தைப் படித்தபோது நெஞ்சு திக்கென்றது. ஆசிரியர் ஒருவர் உதவியால் பஞ்சாலையில் தொழில் பழகினார். பிறகு ரயில் எஞ்சின் தொழிற்சாலைகளில் வேலை. 1868 இல் மியூனிக்கில் புதிய பாலிடெக்னிக் தொடங்கியபோது, பட்டமில்லாத அவரே விரிவுரையாளர்! 1872 இல் பேராசிரியருமானார். டீசல் எஞ்சினைக் கண்ட டீசல் இவரிடம் பயின்றவர்.

குளிரூட்டல் பற்றி இவர் எழுதிய கட்டுரைகள் பீர் ஆலைக்காரர்களின் கண்ணில் பட்டன. (மது என்று முகம் சுளிக்க வேண்டாம், அறிவியல் எந்த வாசல் வழியாகவும் வரும்.) பீர் புளிக்கக் குளிர்ந்த நிலவறை வேண்டும். குளிர்காலத்தில் வெட்டிச் சேமித்த பனிக்கட்டியையே அவர்கள் நம்பியிருந்தார்கள்.

முதல் இயந்திரத்தில் லிண்டே மெத்தில் ஈதரைப் பயன்படுத்தினார். அது கசிந்து காற்றோடு கலந்தால் வெடிக்கக் கூடியது. ஆகவே அடுத்ததில் அம்மோனியாவுக்கு மாறினார். அம்மோனியா சாதாரண அழுத்தத்தில் -33 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும். அழுத்தி, தண்ணீரால் ஆற்றினால் திரவமாகும். அழுத்தத்தைத் தளர்த்தினால் சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும். சொல்ல எளிது, பிஸ்டன் தண்டு சிலிண்டருக்குள் புகும் இடத்தில் வாயு கசியுமே! கிளிசரினைக் கொண்டு அவ்விடத்தை அடைத்தார் லிண்டே. ஈரமுள்ள அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும். ஆதலால் இரும்பே ஏற்றது. டிரியெஸ்ட் நகரப் பீர் ஆலையில் அவர் நிறுவிய இயந்திரம் 1908 வரை ஓடியது. 1879 இல் பேராசிரியர் பதவியைத் துறந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். 1895 இல் காற்றையே திரவமாக்கினார். 1934 நவம்பர் 16 இல், 92 வயதில் மறைந்தார்.

1930களில் மணமற்ற, தீப்பற்றாத ஃபிரியான் வந்து அம்மோனியாவை ஓரங்கட்டப் பார்த்தது. அது ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பது 1974 இல் வெளிப்பட்டு, 1987 இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உண்டாயிற்று. அம்மோனியா ஓசோனைத் தொடுவதில்லை. நம் கடற்கரை ஊர்களின் ஐஸ் தொழிற்சாலைகளில் இன்றும் உழைப்பது அதுதான்.

ஆனால் விளையாட்டல்ல. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு சேர்ந்தாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு வெகு முன்பே மணம் எச்சரித்துவிடும் என்பது ஓர் ஆறுதல். காற்றைவிட லேசான வாயு என்று பாடத்தில் படிக்கிறோம். திரவமாகக் கசியும்போதோ வெண்புகையாகத் தரையோடு ஊர்ந்து வரும். அந்தப் புகையின்மேல் தண்ணீரைத் தூவினால் கரைந்து அடங்கும். தேங்கி நிற்கும் திரவத்தின்மேல் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெப்பம் பெற்று மேலும் பொங்கும்.