வண்டுகளை நடிக்க வைத்தவர்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

பூச்சிகளைக் கதாபாத்திரங்களாக்கித் திரைப்படம் எடுத்த மேதை லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச். 1882இல் மாஸ்கோவில் பிறந்தவர். இன்று லிதுவேனியாவில் இருக்கும் கௌனாஸ் நகரில் வளர்ந்தார். அங்கிருந்த அருங்காட்சியகத்துக்காக, 1910இல் வண்டுகளைப் படம் பிடிக்க முனைந்தார். மான்கொம்பு போல் தாடை நீண்ட இரண்டு ஆண் வண்டுகள் மோதிக்கொள்ளும் காட்சி அவருக்கு வேண்டும். அவையோ இரவில் நடமாடுபவை. விளக்கு எரிந்ததும் அசைவற்று நின்றுவிட்டன.

ஸ்டாரெவிச் சோர்ந்துவிடவில்லை. இறந்த வண்டுகளின் கால்களை நீக்கி, மெல்லிய கம்பிகளை அரக்கினால் ஒட்டினார். சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம் பிடித்தார். திரையில் ஓட்டியபோது செத்த வண்டுகள் சண்டையிட்டன! 1912இல் வந்த 'ஒளிப்பதிவாளரின் பழிவாங்கல்' படத்தில் அவை காதலித்தன, பொறாமைப்பட்டன. உயிருள்ள பூச்சிகளைப் பழக்கி நடிக்க வைத்திருக்கிறார் என்றே நம்பியவர்களும் உண்டு.

1917 புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, பிரான்சில் குடியேறினார். பாரிஸை அடுத்த தம் வீட்டிலேயே, மகள் இரேனின் துணையோடு பொம்மைகள் செய்து படமெடுத்தார். 'நரியின் கதை' என்ற முழுநீளப் படத்துக்கு ஒலி சேர்ப்பதில் சிக்கல்கள் எழுந்தன. பல ஆண்டுகள் காத்திருந்து, 1937இல்தான் அது பெர்லினில் திரையைக் கண்டது. 1965இல் மறையும் வரை அவர் தொழிலை விடவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பூச்சியைப் படித்து என்ன பிழைப்பு என்று ஊரில் கேட்கிறார்கள். வண்டின் கால் எந்த மூட்டில் மடங்கும் என்ற அறிவுதான் ஸ்டாரெவிச்சின் மூலதனம். நாட்டை இழந்தபோதும் அது அவரோடு சென்றது. நாம் கற்பதும் அப்படியே நம்மோடு வரும் என்று நம்புகிறேன்.