பைத்தியம் யாருக்கு, நாணுவுக்கா ஊருக்கா? கழக்கூட்டம் பக்கத்து வீட்டுப் பையன் நாராயண குரு ஆன கதை

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறீர்களா? இல்லை, அங்கே வேலைக்குப் போன நண்பர் யாராவது இருக்கிறாரா? அப்படின்னா செம்பழந்தி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். ஐடி வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். கழக்கூட்டம் சட்டமன்றத் தொகுதிக்குள்ளேயே வரும் ஊர். அங்கே மண் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு சின்ன வீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பெயர் வயல்வாரம் வீடு. 1856இல் நாணு பிறந்தது அங்கேதான். பிற்காலத்தில் உலகம் அவரை ஸ்ரீ நாராயண குரு என்று அறிந்தது.

கேரளத்தில் தெருவுக்குத் தெரு அவர் சிலை இருக்கிறது. ஆனால் சிலையாவதற்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்று பாருங்கள்.

அப்பா மாடன் ஆசான், பள்ளி ஆசிரியர். அம்மா குட்டியம்மா. தாய்மாமன் ஒருவர் வைத்தியர். சாதி ஈழவர். பையனோ வீட்டில் பூஜைக்கு வைத்த பழத்தை முதலில் எடுத்துச் சாப்பிட்டுவிடுவான். தொடக்கூடாது என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளைப் போய்த் தொட்டுவிட்டு, குளிக்காமலே வந்து ஆசாரம் பார்க்கும் பெரியவர்களையும் தொடுவான். அம்மை கண்டபோது யாரிடமும் சொல்லாமல் ஒரு கோயிலில் போய்த் தங்கி, குணமான பிறகே வீடு திரும்பினானாம்.

காயங்குளம் பக்கம் சமஸ்கிருதம் படிக்கப் போனவர் உடம்பு சரியில்லாமல் திரும்பி வந்தார். சில காலம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். குடும்பம் காளியம்மா என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தது. மாப்பிள்ளை சார்பில் சடங்கை நடத்தியதே அவருடைய சகோதரிகள்தான். அவர் குடும்பம் நடத்தவே இல்லை, கிளம்பிவிட்டார். (காளியம்மாவுக்கு என்ன ஆனது என்பதைப் பெரும்பாலான வாழ்க்கை வரலாறுகள் ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு அது உறுத்தல்தான்.)

அடுத்த சில ஆண்டுகள் அலைச்சல். கடலோர மீனவர்களோடு தங்கினார், யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிட்டார். சட்டம்பி சுவாமிகளின் நட்பு கிடைத்தது. தைக்காடு அய்யாவு என்ற தமிழரிடம் யோகம் கற்றார். பிறகு நாகர்கோவில் பக்கம் மருந்துவாழ்மலையில் பிள்ளைத்தடம் குகையில் தனியாகத் தவம். அது இன்றைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டம்.

இந்த பயோடேட்டாவை இன்றைக்கு உங்கள் டீமில் இருக்கும் ஒருவருக்குப் பொருத்திப் பாருங்கள். வேலையை விட்டார், மனைவியை விட்டார், குகையில் இருக்கிறார். வாட்ஸ்ஆப் குரூப்பில் என்ன பேசுவோம்? அன்றைய ஊரும் அதையேதான் பேசியிருக்கும். திருவனந்தபுரத்தில் மனநோயாளிகளுக்கான மருத்துவமனை 1870லேயே வந்துவிட்டது. ஊளம்பாறை என்ற அதன் இடப்பெயர் இன்றும் மலையாளக் கிண்டலில் பைத்தியத்துக்கு மறுபெயர்.

சரி, ஊர் எப்படி இருந்தது?

திருவிதாங்கூரில் தீட்டு என்பது தூரக்கணக்கு. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 அடி எடுத்துவைக்கும் தூரம் தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 அடி எடுத்துவைக்கும் தூரம் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. டேட்டாவோடு வேலை செய்பவள் என்பதால் இந்த எண்கள் என்னை நிறுத்திவிட்டன. கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒரு மனிதரிடமிருந்து காற்றில் கிளம்பி, 36வது அடி வரை பாயும், 37இல் நின்றுவிடும் என்று ஒரு தனி ஆள் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவோம். ஒரு நாடே சொன்னால் அது ஆசாரம்.

மனநல மருத்துவத்தில் இதற்கு ஒரு சங்கடமான இடம் உண்டு. ஆதாரம் காட்டினாலும் மாறாத பொய் நம்பிக்கையைத்தான் பிரமை என்கிறார்கள். ஆனால் அந்த நம்பிக்கையை அவருடைய சமூகம் முழுக்கப் பகிர்ந்துகொண்டால் அதைப் பிரமையாகக் கணக்கில் எடுப்பதில்லை. நோயாளியைப் பாதுகாக்க இது அவசியமான விதிதான். ஆனால் இதே விதிப்படி, 36 அடி தீட்டை நம்பிய ஊரில் ஒருவர்கூட நோயாளி ஆகமாட்டார். அதை நம்பாத நாணுதான் சந்தேக லிஸ்டில் வருவார்.

இது கேரளத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. 1851இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர், அடிமைகள் தப்பி ஓடுவது ஒரு மனநோய் என்று எழுதினார். டிராப்டோமேனியா என்று பெயரும் வைத்தார். அவர் சொன்ன சிகிச்சைகளில் ஒன்று சாட்டையடி.

1888 சிவராத்திரி. நாணுவுக்கு 31 வயது. அருவிப்புரத்தில் நெய்யாற்றில் இறங்கி ஒரு கல்லை எடுத்து வந்து சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் மட்டுமே செய்யலாம் என்றிருந்த காரியம். கேள்வி வந்தபோது, நான் வைத்தது ஈழவரின் சிவன்தான் என்கிற மாதிரி நிதானமாகப் பதில் சொன்னார். யாராலும் மேலே பேச முடியவில்லை.

கவனியுங்கள், ஆள் மாறவில்லை. பூஜைப் பழத்தை எடுத்த அதே கைதான் கல்லையும் எடுத்தது. மாறியது பக்கத்தில் நின்ற கூட்டம். 1892இல் கேரளம் வந்துபோன விவேகானந்தர், பிறகு சென்னையில் பேசும்போது, இந்தச் சாதி வழக்கங்களைப் பார்த்து மலபாரையே ஒரு பைத்தியக்கார விடுதி என்று சாடினார். மெட்ராஸில் மருத்துவம் படித்தும் ஈழவர் என்பதால் திருவிதாங்கூரில் வேலை மறுக்கப்பட்ட டாக்டர் பல்பு, 1896இல் 13,176 பேரின் கையெழுத்தோடு அரசுக்கு மனு கொடுத்தார். 1903இல் குருவைத் தலைவராகவும் கவிஞர் குமாரன் ஆசானைச் செயலாளராகவும் கொண்டு எஸ்என்டிபி யோகம் பிறந்தது. 1922இல் தாகூரும் 1925இல் காந்தியும் அவரைத் தேடி சிவகிரிக்கு வந்தார்கள். 1927இல் களவங்கோடம் கோயில் கருவறையில் விக்கிரகத்துக்குப் பதிலாகக் கண்ணாடியை வைத்தார். அப்போது யாரும் அவரைப் பைத்தியம் என்று சொல்லவில்லை, தத்துவம் என்றார்கள்.

1916இல் அவர் திருவண்ணாமலையில் சந்தித்த ரமணருக்கும் ஏறக்குறைய இதே கதைதான். 16 வயதில் வீட்டை விட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்த பையன்மேல் சிறுவர்கள் கல்லெறிந்தார்கள்.

குரு 1928 செப்டம்பர் 20 அன்று மறைந்தார். திருவிதாங்கூர் அரசு கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936இல். அருவிப்புரத்துக்கு 48 வருஷம் கழித்து.

அதுக்காக மனநோய் என்பதே சமூகம் ஒட்டும் லேபிள்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி இந்தியப் பெரியவர்களில் 10.6% பேருக்கு மனநலப் பிரச்சினை இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92% பேருக்கு சிகிச்சையே கிடைக்கவில்லை. தூக்கம் போய், வேலை ஓடாமல், பயத்தில் தவிக்கும் ஒருவரை, அவர் ஒரு ஞானி போல என்று விட்டுவிடுவதும் கொடுமைதான். டாக்டர் கேட்கும் முக்கியமான கேள்விகள் வேறு: அவர் அவதிப்படுகிறாரா? அன்றாட வாழ்க்கை நடக்கிறதா? அவருக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து உண்டா? ஊரோடு ஒத்துப்போகிறாரா என்பது அந்தப் பட்டியலில் இல்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3வது பிரிவும் இதைத்தான் சொல்கிறது. சமூகத்தின் ஒழுக்க, கலாசார, வேலை, அரசியல் மதிப்புகளுக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்க முடியாது. முன்பு சிகிச்சை எடுத்தார் என்பதை மட்டும் காரணமாக்கி இன்றைக்கு அவரை நோயாளி என்று சொல்லவும் முடியாது. வீட்டிலோ ஆபீஸிலோ யாராவது உங்களை அப்படி முத்திரை குத்தினால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

உதவி தேவைப்பட்டால் மத்திய அரசின் டெலி-மனாஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு. கழக்கூட்டத்திலிருந்து அழைத்தாலும் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.