முருகனைச் சமாதானப்படுத்திய குரல்: கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள்

ஓம் சரவணபவ!



தைப்பூசம் வந்தால் நம்ம உடுமலை வழியா ராத்திரி பகலா பாதயாத்திரைக் கூட்டம் பழநிக்குப் போகும். அன்னதானப் பந்தல் ஸ்பீக்கரில் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். வெங்கல மணி மாதிரி கணீர்னு இருக்கும். கால் வலிக்குதுன்னு உட்கார்ந்தவங்களும் அதைக் கேட்டு எழுந்து நடப்பாங்க. அந்தக் குரல் நம்ம கொங்கு மண்ணில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் அம்மாவுடையது.

1908-ல் காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியில் பிறந்தார். தாயார் பெயர் பாலாம்பாள். பெயருக்கு முன்னால் வரும் கே.பி. என்பது கொடுமுடியும் பாலாம்பாளும்தான். சின்ன வயசிலேயே தகப்பனார் இல்லை. வீட்டில் வறுமை. ரயிலில் பாடித் திரிந்த சிறுமியை அந்தக் குரல்தான் நாடகக் கம்பெனியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இலங்கைக்கு நாடகம் போடப் போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவைச் சந்தித்தார். 1927-ல் கல்யாணம். இரண்டு பேரும் சேர்ந்து மேடையேறினால் கொட்டகை நிரம்பி வழியும். ஆனால் அந்த வாழ்வு நிலைக்கவில்லை. நடுவில் மனஸ்தாபம், பிரிவு. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். அவருக்கு வயது 27. அம்மாவுக்கு 25.

அன்றைக்கு உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசி வரை மாற்றவில்லை. எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே ஆண் வேடம் போட்டார். அதற்கு வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகைங்க.

1953-ல் ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. ஆத்திசூடியைப் புத்தகத்தில் மட்டும் படித்த பிள்ளைகளுக்கு, ஔவைப்பாட்டி இப்படித்தான் இருப்பாங்கன்னு முகம் காட்டியவர் இவர்தான். பள்ளிக்கூடம் வைக்காமலே ஊருக்கெல்லாம் வாத்தியாரம்மா ஆனார். சட்டமேலவை உறுப்பினராகவும் இருந்தார். 1969-ல் நம்ம சின்னப்பா தேவர் எடுத்த 'துணைவன்' முருகன் படப் பாட்டுக்குத் தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் முருகன் திருவடி சேர்ந்தார்.

'திருவிளையாடல்' படத்தை நினைச்சுப் பாருங்க. பழம் கிடைக்கலைன்னு கோபித்துக்கொண்டு மலைக்கு வந்து நிற்கிறான் குழந்தை முருகன். ஔவையாக நின்று அவனைச் சமாதானப்படுத்துகிறார் அம்மா. கையில் கிடைத்த வாழ்வு ஆறே வருஷத்தில் போனவர் அவர். கோபப்பட அவருக்கு இல்லாத காரணமா? அந்தத் துக்கத்தைப் பாட்டாக்கி நமக்கெல்லாம் ஆறுதல் தந்துவிட்டுப் போனார். அதனால்தான் அந்தக் குரலைக் கேட்டால் நம்ம கண்ணும் கலங்குது.

அடுத்த தடவை பழநிக்கு நடக்கும்போது அந்தப் பாட்டு காதில் விழுந்தால், ஒரு நிமிஷம் நின்று கொடுமுடி அம்மாவையும் கும்பிட்டுட்டுப் போங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!