பாட்டியை விலக்கிய ஊர், பேரனை மறக்காத ஊர்

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து கடலூர் செல்வோர் தேவனாம்பட்டினம் கோட்டையை அறிவார்கள். 1690இல் மராட்டியரிடம் அதை விலைக்கு வாங்கியவர் சென்னைக் கவர்னர் எலிஹு யேல். அவருடைய பாட்டியின் கதை அமெரிக்காவில் இருக்கிறது.

ஆன் அம்மையார் இங்கிலாந்தில் ஒரு பிஷப்பின் மகள். கணவர் தாமஸ் யேல் காலமான பின் ஈட்டனை மணந்தார். 1637இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூ ஹேவன் என்ற புது ஊரில் ஈட்டன் கவர்னரானார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது என்று அம்மையார் வாதாடினார். கவர்னர் மனைவி என்றும் பாராமல், 1640களில் சபை அவரை விலக்கிவிட்டது.

அவர் மகன் டேவிட்டுக்கு 1649இல் பாஸ்டனில் பிறந்தவரே எலிஹு. சென்னையில் 1680இல் கத்தரீன் என்ற விதவையை மணந்தார். அவர்களுக்குப் பெண்கள் மூவர். ஒரே மகன் டேவிட் சிறுவயதிலேயே 1688இல் இறந்தான்.

பெயர் சொல்லப் பிள்ளை இல்லை. ஆனால் எலிஹு அனுப்பிய புத்தகங்களுக்கும் ஒன்பது மூட்டைச் சரக்குக்கும் நன்றியாக, 1718இல் ஒரு கல்லூரி அவர் பெயரை ஏற்றது. அதுவே இன்றைய யேல் பல்கலைக்கழகம். அது இருக்கும் ஊர் எது தெரியுமா? பாட்டியை விலக்கிய அதே நியூ ஹேவன்தான்!