காலம் கடந்த வாக்குமூலம்

1785 டிசம்பரில் ஒருநாள். லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் உள்ள சார்லஸ் சதுக்கத்தை இளைஞர் ஒருவர் ஓரிரு முறை சுற்றி வந்தார். தட்ட வேண்டிய கதவு எதிரிலேயே இருந்தது; மனம்தான் துணியவில்லை. அவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். பிரதமர் வில்லியம் பிட்டின் நெருங்கிய நண்பர். வயது 26. பெயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். தம் ஆன்மிகத் தவிப்பை மனம்விட்டுப் பேச விரும்பிய அவர், இச்சந்திப்பு எவருக்கும் தெரியக் கூடாது என்று முன்னதாகவே கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வீட்டில் இருந்தவர் ஜான் நியூட்டன் என்ற 60 வயதுப் போதகர். உலகெங்கும் தேவாலயங்களில் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' பாடலை இயற்றியவர். பிறருடைய ரகசியங்களைப் பரிவோடு கேட்ட அவருடைய நெஞ்சிலும் முழுமையாகச் சொல்லப்படாத ஒன்று இருந்தது.

1725-இல் லண்டனில் பிறந்தவர் நியூட்டன். ஏழு வயது நிறையும் முன்னரே தாயை இழந்தார். 11 வயதில், கப்பல் தலைவரான தந்தையுடன் கடலுக்குச் சென்றார். 1744-இல் கடற்படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்; தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வணிகரிடம் சிக்கி, பசியும் நோயுமாக வாடினார். அங்கிருந்து மீட்கப்பட்டுத் திரும்புகையில், 1748 மார்ச்சில் வீசிய பெரும்புயலில் கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்தது. அன்று அவர் கடவுளை நோக்கிக் கதறினார். அந்த நாளைத் தம் மனமாற்றத்தின் தொடக்கமாக வாழ்நாள் முழுவதும் நினைவுகூர்ந்தார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது வழக்கமான பக்திக் கதையாகியிருக்கும். ஆனால், அந்தப் புயலுக்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களின் தலைவரானார். 1750-க்கும் 1754-க்கும் இடையில் மூன்று பயணங்களுக்குத் தலைமை தாங்கினார். மேல்தளத்தில் அவர் ஜெபம் செய்தார். கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்குகளில் கிடந்தனர்.

அப்பயணங்களின் நாள்குறிப்பு இன்றும் இருக்கிறது. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்றுண்டு. இறந்த அடிமைகள் அதில் எண்களாகவே குறிக்கப்பட்டுள்ளனர், பெயர்கள் இல்லை. கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட அடிமைகளிடம் உண்மையை வரவழைக்க, சிறுவர்களின் கட்டைவிரல்களைத் திருகு கருவியில் இறுக்கிய செய்தியும் சரக்குக் கணக்கைப் போலவே பதிவாகியிருக்கிறது. கணக்கேட்டில் ஒழுங்காக எழுதப்பட்டுவிட்ட கொடுமை, எழுதியவரின் கண்ணுக்கே கொடுமையாகத் தெரிவதில்லை.

1754-இல் அவர் கடலை விட்டதற்குக் காரணம் திடீரென வந்த உடல்நலக் குறைவே தவிர, மனசாட்சி அன்று. லிவர்பூலில் சுங்கப் பணியாற்றி, 1764-இல் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்று, ஓல்னி என்ற சிற்றூரில் ஊழியத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளியான தன்வரலாற்றில் தம் இளமைக்காலத் தீயொழுக்கத்தையும் இறைநிந்தனையையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்ததையும் மறைக்கவில்லை. ஆனால், அது பாவம் என்று அன்று தமக்குத் தோன்றியதே இல்லை என்று கூறி அதைக் கடந்துவிட்டார்.

ரகசியத்தின் மிக நுட்பமான வடிவம் இது. சில பாவங்களை உரக்கச் சொல்வதே வேறொரு பாவத்துக்குத் திரையாகிவிடுகிறது. பிறர் மன்னிக்கத் தயாராக இருப்பதை அறிக்கையிடுவது எளிது. ஊரே ஆதாயம் பெறும் ஒன்றை அறிக்கையிடுவது கடினம். அடிமை வணிகம் அன்று சட்டபூர்வமானது. துறைமுக நகரங்களைச் செழிக்கச் செய்தது.

ஓல்னியில் கவிஞர் வில்லியம் கூப்பர் அவருடைய நண்பரானார். 1773-இல் கூப்பரின் மனம் கலங்கியபோது, தம் இல்லத்திலேயே ஓராண்டுக்கு மேல் வைத்துப் பராமரித்தார் நியூட்டன். நம்பி வந்தவரை அவர் கைவிட்டதில்லை. வில்பர்ஃபோர்ஸிடமும் அப்படியே நடந்துகொண்டார். அரசியலைத் துறக்க வேண்டாம், அங்கிருந்தே இறைவனுக்குப் பணியாற்றலாம் என்று ஊக்கமளித்தார்.

1787-இல் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிக ஒழிப்பைத் தம் பணியாக ஏற்றார். மறு ஆண்டு நியூட்டன் தம் மௌனத்தை உடைத்தார். கப்பலை விட்டு 34 ஆண்டுகள் கழிந்த நிலையில், ஆப்பிரிக்க அடிமை வணிகம் குறித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். இருவர் இருவராகப் பிணைக்கப்பட்ட ஆண்கள், மாலுமிகளின் வன்கொடுமைக்கு ஆளான பெண்கள், சித்திரவதைகள், மரணங்கள் என, கண்டதையும் தாம் பங்கேற்றதையும் எழுதினார். தம் வாக்குமூலம் காலம் கடந்து வருவதையும் ஒப்புக்கொண்டார். அரச ஆலோசனைக் குழுவின் முன்பும், 1790-இல் மக்களவைக் குழுவின் முன்பும் நேரில் சாட்சியம் அளித்தார். 1807 மார்ச் 25 அன்று அடிமை வணிகத் தடைச் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 21 அன்று நியூட்டன் மறைந்தார்.

பாவங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுமாறு விவிலியத்தில் யாக்கோபின் நிருபம் அறிவுறுத்துகிறது. கடவுள் எல்லாவற்றையும் அறிந்தவர் என்றால் மனிதரிடம் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழலாம். தனிமையில் செய்யும் அறிக்கையில் எதைச் சொல்வது, எதைக் கடப்பது என்பதை நாமே தீர்மானிக்கிறோம் என்பதுதான் நியூட்டனின் வாழ்க்கை தரும் விடை.

எல்லா ரகசியங்களையும் தெருவில் உரைக்கத் தேவையில்லை. வில்பர்ஃபோர்ஸின் தவிப்புக்கு நம்பத்தக்க ஒரு செவி போதுமானதாக இருந்தது. பிறரை வதைத்த குற்றத்துக்கு அது போதாது. வதைபட்டோருக்குப் பயன்படும் இடத்தில் அது உரைக்கப்பட வேண்டும். நியூட்டன் அதைச் செய்தார். கடந்துபோன 34 ஆண்டுகளில் கப்பல்களின் கீழ்த்தளங்களில் மாண்டவர்களுக்கு அது உதவவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.