டைப்ரைட்டரில் சங்கீதம்!

பாரிஸ் நகரம். 1917-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி. முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்த நேரம். ஆனாலும் சாத்லே தியேட்டரில் கூட்டத்துக்குக் குறைவு இல்லை.

"பரேட்" என்ற நடன நாடகம் தொடங்கியது. வாத்தியங்கள் முழங்கின. திடீரென்று டைப்ரைட்டர் "டக், டக்" என்று தட்டியது! துப்பாக்கி வெடித்தது! அபாயச் சங்கு அலறியது!

ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். கை தட்டியவர்களும் உண்டு.

நாடகத்துக்குக் காட்சி அமைத்தவர், ஓவியர் பிக்காசோ. அதிசய ஓசைகளைச் சேர்க்கச் சொன்னவர், கதை எழுதிய காக்டோ. இசை அமைத்தவர், எரிக் சாட்டி.

இதைப் பற்றி எழுதும்போதுதான் கவிஞர் அப்பொலினேர் "சர்ரியலிசம்" என்ற சொல்லை உண்டாக்கினார். கனவில் வருவது போல, சம்பந்தம் இல்லாத பொருள்களைச் சேர்த்து வைக்கும் கலைக்குப் பிறகு அதுவே பெயர் ஆயிற்று.

ஒரு விமர்சகர் சாட்டியைத் தாக்கி எழுதினார். சாட்டிக்குக் கோபம் வந்தது. வசைமொழிகளைத் தபால் கார்டில் எழுதி அனுப்பினார். கார்டை யாரும் படிக்கலாம் அல்லவா? வழக்கு வந்தது. 8 நாள் ஜெயில் என்று தீர்ப்பு! நல்லவேளை, தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

சோம்பேறி மாணவன்

சாட்டி 1866-ம் ஆண்டு பிரான்சில் ஓன்பிளர் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பாரிஸ் இசைக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த பெயர், சோம்பேறி!

1888-ல் அவர் அமைத்த "ஜிம்னோபெடி" என்ற மூன்று பியானோ இசைகளை இன்று உலகமே கேட்கிறது. அன்றோ, மதுக்கடைகளில் பியானோ வாசித்துத்தான் வயிறு வளர்த்தார்.

1898-ல் ஆர்க்கே என்ற புறநகரில் ஓர் அறைக்குக் குடிபோனார். பாரிசுக்கு நடந்தே போவார். சுமார் 10 கிலோமீட்டர் தூரம்!

39-வது வயதில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். சின்னப் பையன்களோடு உட்கார்ந்து படித்தார். 1908-ல் பட்டமும் வாங்கிவிட்டார்.

பேசுங்கள், கேட்காதீர்கள்!

1920-ல் ஓர் ஓவியக் கூடத்தில் புதுமை செய்தார். நாற்காலி, மேஜை போல இசையும் சும்மா இருக்க வேண்டும். யாரும் அதைக் கவனிக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். வாத்தியக்காரர்களை மூலைக்கு ஒருவராக நிறுத்தினார்.

வாசிப்பு தொடங்கியதும் ஜனங்கள் வாய் மூடி உட்கார்ந்து விட்டார்கள்! பேசுங்கள், நடமாடுங்கள் என்று சாட்டி ஓடி ஓடிக் கெஞ்சினார். யாரும் கேட்கவில்லை.

1921-ல் மான் ரே என்ற அமெரிக்கக் கலைஞருக்கு இஸ்திரிப்பெட்டி வாங்க உதவினார். அதன் அடியில் 14 ஆணிகளை ஒட்டிக் கண்காட்சியில் வைத்தார் மான் ரே. சர்ரியலிசக் கலையில் அது புகழ்பெற்ற பொருள்.

பூட்டிய அறை

குடிப்பழக்கம் சாட்டியின் ஈரலைக் கெடுத்தது. 1925 ஜூலை 1-ந் தேதி இறந்தார். வயது 59.

27 ஆண்டுகளாக அவர் தம் அறைக்குள் நண்பர் யாரையும் விட்டதில்லை. இப்போது கதவைத் திறந்தார்கள். எங்கும் தூசி. குவியல் குவியலாகக் குடைகள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பியானோக்கள்!

காணாமல் போய்விட்டது என்று அவர் வருந்திய "ஜாக் இன் தி பாக்ஸ்" இசைத்தாள்களும் அங்கேயே கிடந்தன. மறு ஆண்டு, 1926-ல், அது மேடை ஏறியது.